செத்த மோடம்தான் எப்போதும் சும்மா இருக்கும்

செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்று மணி. கொழும்பில் தேயிலை ஏலம் நடக்கிற நாள். கணக்குப் பகுதியில் இருந்து பெரிய கிளாக்கர் எழும்பி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, லைன் ஃபிரீன்னுதான் காட்டுது. ஆனா போக மாட்டேங்குது. நாலு தரம் அடிச்சுப் பார்த்துட்டேன்."

"கொஞ்சம் பொறுங்க சேர், பார்க்கிறேன்."

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், அதே முறைப்பாட்டோடு. டெலிபோன் கம்பி வழியாகக் கம்பியூட்டர்களைப் பேசவைக்கிற பெட்டிகளான மோடங்களை அடுக்கியிருந்த தட்டைப் போய்ப் பார்த்தேன். நாலில் மூன்று நல்ல நிலையில், யாரும் தொடாமல் சும்மா கிடந்தன. நான் எழுதிய நிரல் எல்லோரையும் முதலாவது மோடத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. முதலாவது மோடமோ முந்தின நாள் இடியில் செத்துப்போயிருந்தது.

2000ஆம் ஆண்டு ஏப்ரலில், ஹட்டனில் ஒரு தோட்டக் கம்பெனியின் பிராந்தியக் கந்தோரில் நடந்தது இது. சும்மா இருக்கிற மோடத்தைத் தானாகத் தேடிக் கொடுக்கிற ஏற்பாடு ஒன்றை அதற்குச் சில வாரம் முன்புதான் அங்கே போட்டிருந்தேன். தேடிக் கொடுப்பது ஒரு பின்னேர வேலை. எது சும்மா இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்ளத்தான் அந்த வருசம் முழுக்கப் பிடித்தது.

நாலு லைன், பதினொரு கம்பியூட்டர்

லைன் என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் ஞாபகத்துக்கு வருவது தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கிற லயன் வீடு. இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லில் இருந்து வந்தவைதான். லயன் காம்பரா மாதிரியே டெலிபோன் லைனையும் ஒன்றுக்கு மூன்று பேராக நெருக்கியடித்துப் பங்கிட்டோம்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளின் கைக்குப் போனபிறகு, கொழும்புக்குக் கணக்கு அனுப்புகிற அவசரம் கூடிப்போனது. ஒவ்வொரு தோட்டத்தில் இருந்தும் செக்ரோல் என்கிற வேலைநாள் பதிவு, கொழுந்து நிறை, ஃபெக்டரியில் அரைத்த தேயிலையின் கணக்கு எல்லாம் பிளாப்பியில் வந்து சேரும். அவற்றை ஒன்றாக்கித் தலைமைக் கந்தோரின் கம்பியூட்டருக்கு டயல் பண்ணி அனுப்ப வேண்டும். ஏலம் முடிந்ததும் புரோக்கர்களின் விலைப் பட்டியலை எடுக்க வேண்டும். வங்கிக்கு ஒரு தனி டயல். மின்னஞ்சலுக்கு இன்னொன்று. நாலும் நாலு வேறு நம்பர், நாலு வேறு கடவுச்சொல்.

"ஒரு இன்டர்நெட் இணைப்பை எடுத்து எல்லாருக்கும் பகிர்ந்தால் முடிந்ததே" என்று இன்று கேட்பவர்கள் உண்டு. அன்றும் கேட்டார்கள். லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் அதற்கு வழி இருந்தது, மின்னஞ்சலுக்கு அது போதும்தான். ஆனால் வங்கியின் கம்பியூட்டரும் தலைமைக் கந்தோரின் கம்பியூட்டரும் இன்டர்நெட்டில் இல்லை. அவற்றுக்கு நேரே டெலிபோனில் டயல் பண்ணிப் போவதைத் தவிர வேறு பாதை கிடையாது. ஆகவே இணைப்பைப் பகிர்ந்து பிரயோசனம் இல்லை, மோடத்தைத்தான் பகிர வேண்டும்.

லைன்கள் நாலும் ஒரே மாதிரி இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். முதல் இரண்டும் எக்ஸ்சேஞ்சில் இருந்து நேராக வருபவை. மூன்றாவது கந்தோரின் பரிமாற்றப் பெட்டி வழியாக வருகிற எக்ஸ்டென்சன்; 9 அடித்துத்தான் வெளியே போக வேண்டும். நாலாவதில் பெக்ஸ் மெசினும் தொங்கிக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் நாலு மோடமும் நாலு கம்பியூட்டரின் பின்னால் செருகியிருந்தன. மற்ற ஏழு பேரும் பிளாப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மோடம் இருக்கிறவர் எழும்பும் வரை காத்து நிற்பார்கள். "ரெண்டாவது லைன் யாருகிட்ட?" என்ற சத்தம் ஏலநாளில் மெயின் ரோட்டு வரைக்கும் கேட்கும். பெரிய கிளாக்கர் ஒரு சியார் கொப்பியில் கோடு போட்டு, யார் எந்த லைனை எத்தனை மணிக்கு எடுத்தார், எப்போது விட்டார் என்று எழுதி வைப்பார். மாதக் கடைசியில் டெலிபோன் பில்லோடு ஒத்துப்பார்க்க அது வேண்டும் என்பார். அந்தக் கொப்பி பிறகும் வரும்.

கங்காணி

கடையில் தூக்கிப் போடவிருந்த ஒரு பழைய 486 கம்பியூட்டர் பெட்டி, அதில் லினக்ஸ், மோடம் செருகுகிற வாய் எட்டு உள்ள ஒரு சீரியல் கார்ட், வெளியே வைக்கிற நாலு மோடம். செலவு என்று பார்த்தால் கார்டுக்கு மட்டும்தான். கார்டை எடுக்கும்போது 16550 சிப் உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். அந்தச் சிப்பில் 16 பைட் தாங்குகிற ஒரு சின்னத் தொட்டி உண்டு. மோடத்துக்கும் பெட்டிக்கும் இடையில் விநாடிக்கு 57600 பிட் ஓடினால் அந்தத் தொட்டி மூன்று மில்லிவிநாடிக்குள் நிரம்பிவிடும். பெட்டி நாலு மோடத்தையும் ஒரே நேரம் பார்க்க வேண்டியிருப்பதால் அந்த மூன்று மில்லிவிநாடி பெரிய உபகாரம். பழைய சிப் என்றால் எழுத்துகள் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

மற்றக் கம்பியூட்டர்கள் எல்லாம் விண்டோஸ் 98. ஒவ்வொன்றிலும் பொய்யான ஒரு காம் போர்ட்டை, அதாவது மோடம் செருகுகிற வாயை, உண்டாக்குகிற மென்பொருளைப் போட்டேன். வங்கியின் நிரலோ டயல்-அப்போ அதைத் திறந்தால், தன் பின்னால் ஒரு மோடம் செருகியிருப்பதாகவே நினைக்கும். உண்மையில் அது நெட்வேர்க் வழியாக 486க்குப் பேசும். இதற்கு எழுத்துகளை மட்டும் கொண்டுபோகிற வெறும் டெல்நெட் போதாது. மோடம் கேபிளில் எழுத்துகள் போகிற கம்பி தவிர வேறு கம்பிகளும் உண்டு: நான் தயாராக இருக்கிறேன் என்று கம்பியூட்டர் சொல்கிற டிடிஆர், மறுபக்கம் இணைந்துவிட்டது என்று மோடம் சொல்கிற டிசிடி. இவற்றையும் வேகத்தையும் நெட்வேர்க்கில் கொண்டுபோகிற முறையை 1997 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 2217 என்ற இன்டர்நெட் ஆவணம் வகுத்திருந்தது. அதைப் பின்பற்றுகிற மென்பொருளாகத் தேடிப் பிடித்தேன்.

486இல் நான் எழுதியது ஒரு சின்ன நிரல். யாராவது தட்டினால் சும்மா இருக்கிற மோடம் எது என்று பார்த்து, அதை அவருக்குக் கொடுக்கும். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிற பெரட்டுக் களத்தில் எந்த மலைக்கு யார் போவது என்று ஆட்கள் தாங்களாகத் தீர்மானிப்பதில்லை, கங்காணி சொல்லுவார். இதுவும் அப்படித்தான். இரண்டாம் நாளே அந்தப் பெட்டிக்குக் கங்காணி என்று பெயர் விழுந்துவிட்டது. நான் வைத்த பெயர் அல்ல.

பார்ப்பதற்கும் பிடிப்பதற்கும் இடையில்

முதல் பிழை ஒரு வாரத்துக்குள் வந்தது. நான் எழுதிய முதல் நிரல், எந்த மோடம் யாரிடம் என்று ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தது. ஒருவர் கேட்டால் கோப்பை வாசிக்கும், காலியான வரியைத் தேடும், அதில் பெயரை எழுதும், மோடத்தைத் திறக்கும். வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையில் ஒரு கண்சிமிட்டு நேரம் இருக்கிறது. 486 வேகமான பெட்டியும் அல்ல.

சம்பள வாரத்தில் இரண்டு பேர் ஒரே கணத்தில் கேட்டார்கள். இரண்டு நிரலும் கோப்பை வாசித்தன, இரண்டும் இரண்டாவது வரி காலி என்று கண்டன, இரண்டும் இரண்டாவது மோடத்தைத் திறந்தன. மோடத்தில் இருந்து வருகிற எழுத்துகள் இவருக்குக் கொஞ்சம், அவருக்குக் கொஞ்சமாகப் பிரிந்து போயின. மின்னஞ்சல் எடுக்கப்போன அக்காவின் திரையில் வங்கியின் வரவேற்பு பாதிப் பாதியாக வந்தது. "தம்பி, பேங்க் எனக்கு வணக்கம் சொல்லுது" என்றார். சிரித்தோம். ஆனால் வந்தது வரவேற்பாக இருந்ததால்தான் சிரிக்க முடிந்தது. கணக்கு மீதி வந்திருந்தால் வேலை போயிருக்கும்.

பரிகாரம் யூனிக்ஸ்காரர்கள் யூயூசிபி என்ற, டெலிபோனில் கோப்பு அனுப்புகிற பழைய ஏற்பாட்டின் காலத்தில் இருந்தே வைத்திருந்த பூட்டுக் கோப்பு. மோடத்துக்கு ஒன்றாக ஒரு கோப்பு. கோப்பு இருந்தால் மோடம் யாரிடமோ இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. அதன் சூட்சுமம் கோப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்காமல் இருப்பதில்தான் இருக்கிறது. "இல்லாவிட்டால் மட்டும் உண்டாக்கு" என்று இயங்குதளத்தின் கருவான கேர்னலிடம் ஒரே கட்டளையாகக் கேட்க வேண்டும். உண்டானால் மோடம் உனக்கு. "ஏற்கெனவே இருக்கிறது" என்று திரும்பி வந்தால் அடுத்த மோடத்துக்குப் போ. பார்ப்பதும் பிடிப்பதும் ஒரே அசைவாகிவிட்டதால் நடுவில் இன்னொருவர் நுழைய இடமே இல்லை.

பழைய இயந்திர எக்ஸ்சேஞ்சுகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அமெரிக்காவில் பிரேதம் அடக்கம் செய்கிற தொழில் பார்த்த ஸ்ட்ரௌஜர் என்பவர் 1891இல் தானியங்கி டெலிபோன் சுவிட்சுக்குக் காப்புரிமை வாங்கினார். தனக்கு வருகிற அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகம்தான் காரணம் என்று சொல்வார்கள். அந்த வழியில் வந்த சுவிட்சுகளில் ஒரு விரல் வரிசையாக ஒவ்வொரு லைனையும் தொட்டுக்கொண்டே போகும். பிடிபட்ட லைனின் ஒரு கம்பியில் எர்த் இருக்கும், விரல் அதைத் தாண்டிவிடும். எர்த் இல்லாத லைனில் நின்று உடனே தானே எர்த் போட்டுவிடும். நான் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டதைப் பித்தளையும் ரிலேயும் எப்போதோ முடித்துவைத்திருந்தன.

பூட்டுக் கோப்புக்குள் பிடித்த நிரலின் எண்ணையும் எழுதிவைப்பது வழக்கம். நிரல் நடுவழியில் செத்துக் கோப்பு மட்டும் மிஞ்சினால், அந்த எண்ணில் யாரும் உயிரோடு இல்லை என்று கண்டு அடுத்தவர் பூட்டை உடைக்கலாம். இதையும் செய்தேன்.

இடி

சித்திரை மாதம் மலையில் காலையில் வெயில் பளிச்சென்று இருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு கறுத்துக்கொண்டு வந்து இடிக்கும். இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலம் அது. ஒக்டோபர், நவம்பரிலும் இதே கதை. டெலிபோன் கம்பி தேயிலை மலைகளுக்கு நடுவே கம்பம் கம்பமாக வருவதால் எங்கோ விழுகிற மின்னல் கூடக் கம்பியில் ஏறி வீட்டுக்குள் வந்துவிடும்.

முதலாவது மோடத்துக்கு நடந்தது அதுதான். டெலிபோன் பக்கத்துச் சுற்று எரிந்துபோயிருந்தது. கம்பியூட்டர் பக்கம் சுகமாக இருந்தது. முன்னால் விளக்குகள் எரிந்தன. "ஏடி", அதாவது கவனி, என்று அனுப்பினால் "ஓகே" என்று பதில் சொன்னது. டயல் பண்ணச் சொன்னால் ரிலே "டிக்" என்று விழுந்தது. வழக்கமாக அதற்குப் பிறகு ஸ்பீக்கரில் டயல் டோனின் முனகல் கேட்கும். அன்று டிக்குக்குப் பிறகு ஒன்றும் இல்லை. சில விநாடி கழித்து "நோ டயல்டோன்".

இப்போது கங்காணியின் கண்ணால் பாருங்கள். பெரிய கிளாக்கர் கேட்கிறார். முதலாவது மோடம் பூட்டப்படவில்லை, கொடுக்கிறது. அவர் டயல் பண்ணுகிறார், பத்து விநாடியில் தோற்கிறார், விட்டுவிடுகிறார். பூட்டுத் திறக்கிறது. அடுத்தவர் கேட்கிறார். முதலாவது மறுபடியும் சும்மா இருக்கிறது. நல்ல மோடம் ஒன்றைப் பிடித்தவர் அரை மணித்தியாலம் வைத்திருப்பார். செத்த மோடத்தைப் பிடித்தவர் பத்து விநாடியில் விட்டுவிடுவார். ஆக, பழுதான மோடம்தான் எந்த நேரமும் கைக்கு எட்டுகிற மோடம். முதலில் சும்மா இருப்பதைக் கொடு என்ற என் விதி, பழுதானதைத் தேடிப் பிடித்து எல்லோருக்கும் கொடுக்கிற விதியாக மாறிவிட்டது. மோடம் முழுவதாகவே எரிந்திருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது. "ஓகே" சொல்லத் தெரிந்த பிணம்தான் ஆபத்து.

முதலில் கொடுக்கிற வரிசையை மாற்றினேன். எப்போதும் ஒன்றில் இருந்து தேடாமல், கடைசியாகக் கொடுத்ததற்கு அடுத்ததில் இருந்து தேடு. இதனால் பழுது தீராது, ஆனால் நாலு தரத்தில் ஒரு தரம்தான் மாட்டிக்கொள்வீர்கள். மறுபடி அடித்தால் வேறு மோடம் கிடைக்கும். அவசரத்துக்கு அது போதும். அன்று பின்னேரமே விலைப் பட்டியல் வந்து சேர்ந்தது.

அப்புறம் கொடுப்பதற்கு முன் டயல் டோனைச் சோதிக்கிற வழி. மோடத்தோடு பேசுகிற பாஷையான ஹேய்ஸ் கட்டளைகளில் டயல் கட்டளையின் கடைசியில் அரைப்புள்ளி போட்டால், டயல் பண்ணிவிட்டுக் கட்டளை நிலைக்கே திரும்பு என்று பொருள். நம்பரே கொடுக்காமல் அரைப்புள்ளி மட்டும் போட்டால், மோடம் லைனைத் தூக்கும், டோனைத் தேடும், டோன் இருந்தால் "ஓகே", இல்லாவிட்டால் "நோ டயல்டோன்". உடனே வைத்துவிடச் சொல்ல வேண்டும். மூன்று நாலு விநாடி வேலை. தோற்ற மோடத்தைக் கால் மணித்தியாலத்துக்கு ஒதுக்கிவைத்து, அடுத்ததைச் சோதித்துக் கொடுக்கும். கேட்டவருக்கு ஒன்றும் தெரியாது, கொஞ்சம் தாமதம் மட்டும்.

அருமையான யோசனை என்று நினைத்தேன். மறுநாள் பெக்ஸ் அனுப்புகிறவர் கோபத்தோடு வந்தார்.

பெக்ஸும் பரிமாற்றப் பெட்டியும்

நாலாவது லைனில் பெக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது மோடம் சும்மாதான் இருக்கும். பூட்டு இல்லை, டிசிடி இல்லை. கங்காணி சோதிக்கலாம் என்று லைனைத் தூக்கும். ஓடிக்கொண்டிருந்த பெக்ஸ் பாதிப் பக்கத்தில் அறுந்துபோகும். சோதனை வருவதற்கு முன்பும் இது நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது; யாரோ டயல் பண்ணும்போது பெக்ஸ் அறும், மழை என்று நினைத்துக்கொண்டார்கள். சோதனை வந்தபிறகு அடிக்கடி அறுந்ததால்தான் காரணம் பிடிபட்டது.

பெக்ஸை மோடத்தின் பின்னால் உள்ள போன் துளையில் செருகிப் பார்த்தேன். மோடம் லைனைத் தூக்கும்போது பெக்ஸை வெட்டிவிடுகிற துளை அது. பெக்ஸ் ஓடும்போது மோடத்தைத் தடுக்கிற குணம் எங்கள் மோடத்துக்கு இல்லை. நான் கேட்டது நேர்மாறான காவல்.

கடைசியில் நாலாவது மோடத்தைக் கூட்டத்தில் இருந்தே எடுத்துவிட்டேன். இதற்குத்தான் பெரிய எதிர்ப்பு. "இருக்கிற நாலே பத்தலை, அதுலயும் ஒண்ணைப் பிடுங்கிட்டீங்களே" என்றார்கள். அளந்து காட்டப் பெரிய புள்ளிவிபரம் என்னிடம் இல்லை. ஆனால் பெக்ஸ் அறுந்து மறுபடி அனுப்புகிற நேரமும், பெக்ஸின் கீச்சுக்குள் டயல் பண்ணித் தோற்கிற நேரமும் போனபிறகு, மூன்று லைனில் ஆட்கள் காத்திருந்தது முன்பைவிடக் குறைவு. சத்தம் அடங்கியதை வைத்துச் சொல்கிறேன்.

மூன்றாவது லைன் வேறு வகைத் தொல்லை. பரிமாற்றப் பெட்டி தருகிற உள் டோன் எக்ஸ்சேஞ்சின் டோன் மாதிரி இல்லை. மனிதக் காதுக்கு அதுவும் டோன்தான். மோடத்துக்கு அது டோன் இல்லை, "நோ டயல்டோன்" என்று அடம்பிடித்தது. அதற்கு எக்ஸ்3 என்ற கட்டளையைக் கொடுத்தால் டோனுக்குக் காத்திராமல் கண்ணை மூடிக்கொண்டு டயல் பண்ணும். பிஸியை மட்டும் கண்டுகொள்ளும். 9க்குப் பிறகு ஒரு காற்புள்ளி போட்டால் இரண்டு விநாடி பொறுத்து மிச்ச நம்பரை அடிக்கும். டயல் பண்ணச் சரி. ஆனால் டோன் சோதனை அந்த லைனுக்கு உதவாது என்று ஆயிற்று.

அதனால் சோதிக்க முடியாத லைனுக்கு, நடந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்கிற வழி. மோடத்தின் பதில்கள் எல்லாம் கங்காணி வழியாகத்தானே போகின்றன; போகிற போக்கில் காதைக் கொடுத்துக் கேட்கச் செய்தேன். "பிஸி" வந்தால் மோடத்தில் பிழை இல்லை, மறுபக்கம்தான் பிஸி, அதை எண்ணக்கூடாது. மறுபக்கத்து மோடத்தின் சத்தம் இல்லை என்கிற "நோ கேரியர்" வந்தால் யார் பிழை என்று சொல்ல முடியாது. வங்கியின் மோடம் தூங்கியிருக்கலாம், எங்கள் கம்பியில் தண்ணீர் ஏறியிருக்கலாம். ஒருவருக்கு மூன்று தரம் வந்தால் அவர் கூப்பிடுகிற இடத்தில் கோளாறு. மூன்று வேறு ஆட்களுக்கு ஒரே மோடத்தில் அடுத்தடுத்து வந்தால் மோடத்திலோ லைனிலோ கோளாறு, ஒதுக்கு. இந்த விதி ஒரு தரம் கூடப் பொய்யாகத் தண்டித்ததாக ஞாபகம் இல்லை.

கரண்ட் போனால்

சும்மா இல்லாததைச் சும்மா என்று நினைத்தது ஒரு பக்கம். சும்மா இருப்பதை யாரோ வைத்திருப்பதாக நினைப்பது மறுபக்கம். அது கரண்ட் வெட்டோடு வந்தது.

கங்காணிக்கு மட்டும் யூபிஎஸ் இருந்தது. மற்றக் கம்பியூட்டர்களுக்கு இல்லை. ஒரு நாள் கரண்ட் போய் ஐந்து நிமிசத்தில் வந்தது. எல்லோரும் கம்பியூட்டரைப் போட்டார்கள். எல்லோருக்கும் "லைன் இல்லை". போய்ப் பார்த்தால் மூன்று மோடமும் பூட்டியிருக்கின்றன; டயல்-அப்பில் இருந்த மூன்று பேரின் பெயரில். அவர்களுடைய கம்பியூட்டர்கள் போய்வருகிறேன் என்று சொல்லாமலே அணைந்துவிட்டன. கங்காணியின் பக்கம் அந்த நெட்வேர்க் இணைப்புகள் இன்னும் உயிரோடு இருப்பதாகவே தெரிந்தன. பூட்டில் இருந்த எண்ணுக்கு உரிய நிரலும் உண்மையாகவே உயிரோடு காத்திருந்தது. செத்தவரின் பூட்டை உடைக்கிற என் ஏற்பாடு இங்கே செல்லாது. செத்தது நிரல் அல்ல, அதற்கு மறுமுனையில் இருந்தவர்.

இருக்கிறீர்களா என்று லினக்ஸ் தானாகக் கேட்டுப் பார்க்கிற வசதி உண்டு. அதன் இயல்பான பொறுமை 7200 விநாடி. அதாவது ஒருவர் சத்தமில்லாமல் போய்விட்டால் இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் முதல் தரம் விசாரிக்கும். டெலிபோன் பில்லை நிமிசக் கணக்கில் கட்டுகிற கந்தோருக்கு இது ஆகாது. அதை இரண்டு நிமிசமாகக் குறைத்தேன். கூடவே, பத்து நிமிசம் ஒரு எழுத்தும் வராவிட்டால் வெட்டு என்ற விதி. இதில் ஒரு நுணுக்கம்: கம்பியூட்டரின் பக்கம் இருந்து வருகிற எழுத்துகளை மட்டும்தான் எண்ண வேண்டும். இரண்டு பக்கத்தையும் எண்ணினால், ஆளில்லாத இணைப்பில் மறுமுனை தன் பாட்டில் எதையாவது அனுப்பிக்கொண்டே இருக்கும், நேரம் ஓடாது. பெரிய கோப்பை இறக்கிக்கொண்டிருப்பவர் வெட்டுப்படுவாரோ என்று பயந்தேன். படவில்லை. வாங்கியதற்கெல்லாம் கிடைத்தது கிடைத்தது என்று அவருடைய கம்பியூட்டர் சொல்லிக்கொண்டே இருப்பதால் அதுவே கணக்கில் சேர்ந்துவிடும்.

வெட்டுவது என்றால் டிடிஆரை இறக்குவது. மோடம் லைனை வைத்துவிடும். வைக்கும் என்று நம்பியிருந்தேன். வங்கி கொடுத்த நிரல் டயல் பண்ணுவதற்கு முன் தன் இஷ்டத்துக்கு மோடத்தின் அமைப்புகளை மாற்றுகிறது என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதில் ஒன்று, டிடிஆரைக் கண்டுகொள்ளாதே என்பது. வங்கிக்காரர் விட்டுப் போனபிறகும் மோடம் லைனைப் பிடித்துக்கொண்டே இருந்தது. அடுத்தவர் அந்த மோடத்தை வாங்கினால் வங்கியின் வாசலில் நிற்பார்.

இதன்பிறகு மோடத்தை வாங்குகிறபோது மட்டும் இல்லாமல் விடுகிறபோதும் ஒரு சடங்கு. டிடிஆரை இறக்கு. டிசிடியைப் பார். இன்னும் ஏறியே இருந்தால் ஒரு விநாடி அமைதி, மோடத்தைக் கட்டளை கேட்கவைக்கிற மூன்று கூட்டல் குறி, மறுபடி ஒரு விநாடி அமைதி, பிறகு வைத்துவிடு என்ற கட்டளை. அதன்பின் சேமித்துவைத்த அமைப்புக்குத் திரும்பச் செய். இவ்வளவும் முடிந்து "ஓகே" வந்தபிறகே பூட்டைத் திற. வராவிட்டால் ஒதுக்கிவை. லயத்தில் பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர் போகும்போது குழாயை மூடிவிட்டுப் போவார். வங்கியின் நிரலுக்கு அந்தப் பழக்கம் இல்லை, அதனால் கங்காணி பின்னாலேயே போய் மூட வேண்டியிருந்தது.

கொப்பி

அந்த வருசக் கடைசியில் நிரல் நாற்பது வரியில் இருந்து முந்நூறு சொச்சம் வரிக்கு வளர்ந்திருந்தது. மோடத்தைத் தேர்ந்தெடுக்கிற பகுதி அதில் பத்து வரி கூட இல்லை. மிச்சம் எல்லாம் உண்மையிலேயே சும்மா இருக்கிறதா என்று விசாரிக்கிற வேலை.

வேகத்தைப் பற்றிக் கேட்பீர்கள். மோடங்கள் 1998இல் வந்த வி.90 வகை, பெட்டியில் விநாடிக்கு 56 ஆயிரம் பிட் என்று போட்டிருந்தது. எங்கள் கம்பியில் 28ஐத் தாண்டினாலே பெரிய கிளாக்கர் முகத்தில் சந்தோசம் தெரியும், மழையில் 20க்கும் கீழே இறங்கும். அதற்குக் கங்காணியால் ஒன்றும் செய்ய முடியாது.

மின்னலுக்கு, லைன் உள்ளே வருகிற இடத்தில், திடீரென்று ஏறுகிற மின்சாரத்தை நிலத்துக்குத் திருப்பிவிடுகிற சர்ஜ் அரெஸ்டர் போட்டு எர்த் அடித்தோம். அதற்கு மேல், இரவில் எல்லாவற்றையும் அணைத்து டெலிபோன் வயர்களைக் கழற்றிவிட்டுப் போவதுதான் வழக்கமாயிற்று. அதற்குப் பிறகு மோடம் ஒன்றும் எரியவில்லை.

பெரிய கிளாக்கர் கொப்பியை விடவில்லை. கங்காணி தானாகவே எல்லாவற்றையும் எழுதிவைக்கிறது சேர், அச்சடித்துத் தருகிறேன் என்று சொல்லியும் கேட்கவில்லை. எந்த மோடம் கிடைத்தது என்பதைத் திரையில் பார்த்து அவர் பாட்டில் கோடு போட்டு எழுதினார். ஒரு மாதக் கடைசியில் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"முறை வச்சுத்தான் குடுக்குதுன்னீங்க. ஒண்ணாவது லைன் இவ்வளவு, மூணாவது இவ்வளவுதான். இது என்னா முறை?"

கூட்டிப் பார்த்தால் அவர் சொன்னது சரி. முதலாவது மோடம் மற்ற இரண்டையும்விடத் தெளிவாகக் கூட வேலை செய்திருந்தது. கடைசியாகக் கொடுத்த மோடத்தின் இலக்கத்தை நிரல் ஞாபகத்தில் மட்டும்தான் வைத்திருந்தது. இடிக்குப் பயந்து பெட்டியை ஒவ்வொரு இரவும் அணைப்பதால், ஒவ்வொரு காலையும் ஒன்றில் இருந்தே தொடங்கியது. அழைப்புக் குறைந்த நாளில் ஒன்றும் இரண்டும் மட்டுமே போய், மூன்றுக்கு முறை வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

இலக்கத்தை ஒரு கோப்பில் எழுதிவைத்தால் தீர்ந்தது, ஒரு வரி வேலை. செய்கிறேன் சேர் என்றேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். மூன்றாவதுதான் பரிமாற்றப் பெட்டி லைன், டோனைச் சோதிக்க முடியாதது. முதலாவதில் இடிக்குப் பிறகு வாங்கிய புது மோடம் இருந்தது. செய்யாமலே விட்டுவிட்டேன். அவரும் மறுபடி கேட்கவில்லை, ஆனால் கொப்பியில் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருந்தார்.